வானிலிருந்து இறங்குவோரும் மலையில் வாழ்வோரும்

ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளிலே குளிர்காலந்தோறும் ஒரு விளையாட்டு நடைபெறுகிறது. ஹெலிகொப்டரில் ஏறி, பாதையற்ற பனியுச்சி ஒன்றில் இறங்கி, எவர் காலும் படாத புதுப்பனியில் சறுக்குப் பலகைகளைப் பூட்டிக்கொண்டு பள்ளத்தாக்கு வரை வழுக்கி வருவதே அவ்விளையாட்டு. ஏறுவதற்குரிய உழைப்பை இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. இறங்கும் இன்பம் மட்டும் மனிதனுக்கு. 1965ஆம் ஆண்டிலே, கனடாவின் புகபூ மலைகளில், ஒஸ்ரியாவிலிருந்து குடிபெயர்ந்த ஹான்ஸ் கிமோசர் என்னும் மலைவழிகாட்டி இதனை ஒரு தொழிலாகவே தொடக்கி வைத்தார். இன்று இத்தாலியிலும் சுவிற்சர்லாந்திலும் சுவீடனிலும் ஐஸ்லாந்திலும் அது பெருவணிகம். முதன்முறை செல்ல விழைவோன் எந்நாட்டுக்குச் செல்ல வேண்டும், எம்மாதத்திற் செல்ல வேண்டும், எவ்வளவு பணம் எடுத்துச் செல்ல வேண்டும் என்று எடுத்துரைக்க முகவர்கள் பலர் உளர்.

இறம்பொடையில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். இங்கே பனிமழை பொழிவதில்லை. நுவரெலியாவிலே தை மாதத்து விடியலிற் புல்நுனியில் உறையும் வெண்பனி தேயிலைக் கொழுந்தைக் கருக்குமேயன்றி எவரையும் சறுக்க விடாது. ஆயினும் மலை இங்கும் உண்டு. மலையை ஒரு விளையாட்டுக் களமாகவும், அதில் வாழ்வோரை அக்களத்தின் ஓரத்து அலங்காரமாகவும் காணும் கண்ணும் இங்கு உண்டு. "சுற்றுலாவே மலையகத்தின் விடிவு, வானூர்தி இறங்கட்டும், சாகச விளையாட்டுகள் வரட்டும், லயத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்" என்று மேடைதோறும் பேசுவோர் பெருகிவிட்டனர். அவர்கள் சான்று காட்டுவது எப்போதும் சுவிற்சர்லாந்தையே. நல்லது, சுவிற்சர்லாந்தையே நாமும் பார்ப்போம். ஆனால் முழுமையாகப் பார்ப்போம்.

முதற் பயணத்தைத் திட்டமிடும் ஒருவன் முதலில் எதிர்ப்படுவது சட்டத்தை. இதுவே நம்மவர் பலர் அறியாத செய்தி. பிரான்ஸ் நாடு 1985ஆம் ஆண்டு ஜனவரியில் நிறைவேற்றிய மலைச் சட்டத்தின்படி, இன்பப் பொழுதுபோக்குக்காக ஹெலிகொப்டரில் ஆட்களைக் கொண்டுபோய் மலையுச்சியில் இறக்குதல் கூடாது. மேற்கு ஐரோப்பாவின் மிகவுயர்ந்த சிகரமான மொன் பிளாங் அமைந்த நாட்டிலேதான் இத்தடை! ஜேர்மனியிலும் இவ்விளையாட்டுக்கு இடமில்லை. ஒஸ்ரியாவில் லெக் என்னும் ஊரை அண்டிய இரண்டு இடங்களுக்கு மட்டுமே நெடுங்காலம் அனுமதி இருந்தது. ஏனைய மலைகள் யாவும் மூடப்பட்டவை. சுவிற்சர்லாந்தில் அரசு வரையறுத்த சுமார் நாற்பது மலைத்தளங்களில் மட்டுமே இறங்கலாம். இத்தாலியிலும் எல்லா மாகாணங்களும் ஒன்றல்ல; அவொஸ்தாப் பள்ளத்தாக்கு அனுமதிக்கிறது, தென் திரோல் தடுக்கிறது. ஆகவேதான் பிரெஞ்சு மலையூர்களில் தங்கியிருக்கும் செல்வர்கள், பறப்பதற்காக எல்லை கடந்து இத்தாலிக்குப் போகின்றனர்.

ஹெலிகொப்டரின் இரைச்சலுக்கு வரையாடுகள் மிரண்டோடுகின்றன. கடுங்குளிரிலே உடற்கொழுப்பைச் சேமித்து உயிர்வாழும் விலங்குக்கு ஒவ்வோர் ஓட்டமும் உயிர்ச்செலவு. காலால் ஏறுவோரின் அமைதி குலைகிறது. ஒருவனது சில நிமிட இன்பத்துக்காக எரியும் எண்ணெய், அந்தப் பனியையே உருக்கும் வெப்பத்துக்குத் துணைபோகிறது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளிற் சுவிற்சர்லாந்தின் பனியாறுகள் தம் கனவளவிற் பத்திலொரு பங்கை இழந்தன. மலையைக் காதலிப்பதாகச் சொல்லிக்கொண்டு மலையை உருக்கும் இவ்விந்தையை அங்குள்ள மலையேறிகளே கண்டித்து இயக்கம் நடத்தியுள்ளனர்.

அடுத்தது பணம். வழிகாட்டியும் பறப்பும் சேர்ந்து அல்ப்ஸில் ஒரு நாளுக்குப் பல நூறு யூரோ ஆகும். ஐஸ்லாந்தில் ஒரு வாரத்துக்குப் பல ஆயிரம். குறைத்தே கணக்கிட்டு ஒரு நாளுக்கு ஐந்நூறு யூரோ என வைத்துக்கொள்வோம். இலங்கையின் 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே தோட்டத் தொழிலாளிக்கு அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம், அரசு தரும் வரவுக் கொடுப்பனவான 200 ரூபாவையும் சேர்த்து 1750 ரூபா. இன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ ஐந்து யூரோ. ஆக, அல்ப்ஸில் ஒருவன் வழுக்கி விளையாடும் ஒரு பகற்பொழுது, லபுக்கலை மலைச்சரிவில் ஒரு பெண் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் நூறு பகற்பொழுதுகளுக்குச் சமம். இக்கணக்கை என் வகுப்பிற் செய்வித்தேன். பிள்ளைகள் எவரும் வியக்கவில்லை. வியந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இவ்விடத்தில் நம் அணியிலுள்ள சில நண்பர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. "இவையெல்லாம் பணக்காரரின் வெறியாட்டம், பேசுவதே வீண்" என்று அவர்கள் ஒதுக்கிவிடுவர். பனியிற் சறுக்குவது பாவமன்று. பனி நாட்டு உழவனும் வேட்டுவனும் நூற்றாண்டுகளாகப் பலகை பூட்டி நடந்தவர்களே; அது அவர்களுக்கு நம் ஒற்றையடிப் பாதை போன்றது. இன்று சுவிற்சர்லாந்தில் வாழும் ஈழத்தமிழர் பிள்ளைகளும் பள்ளியிலேயே சறுக்கப் பழகுகின்றனர். 1980களில் அகதிகளாய்ச் சென்று விடுதிச் சமையலறைகளிலே பாத்திரம் கழுவிய தந்தையரின் மக்கள், அதே மலைகளில் விளையாடுவது கண்டு நாம் மகிழ்வதே முறை. அவர்களுள் ஒருவன் நாளை ஹெலிகொப்டரில் ஏறத் திட்டமிட்டாலும் அவனைப் பழிப்பது நம் வேலையன்று. மலையைப் பற்றிய முடிவை எவர் எடுக்கின்றனர் என்பதே நம் வழக்கு.

மாற்றர்ஹோர்ன் சிகரத்தின் அடியில் உள்ள செர்மட் என்னும் ஊரைப் பாருங்கள். ஹெலிகொப்டர் பனிச்சறுக்கு அங்கே நடக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அவ்வூரின் காடும் மேய்ச்சல் நிலமும் பழங்குடி உழவர் குடும்பங்களின் ஊர்ச்சமூகத்துக்குப் பொதுவுடைமை. விடுதிகள் சில அச்சமூகத்தின் உடைமை. மலைமேல் ஆளேற்றும் கம்பிவண்டிக் கம்பனியிலும் அதற்குப் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அலெக்சாந்தர் சைலர் என்ற விடுதி முதலாளி அவ்வூரிற் பெருஞ்செல்வம் ஈட்டினான். ஊர்க்குடியுரிமை கேட்டபோது ஊரார் மறுத்துவிட்டனர். பல்லாண்டு வழக்காடியே அவன் குடும்பம் அதனைப் பெற்றது. அவ்வுழவர்கள் குறுகிய மனத்தினர் என்று சொல்லலாம். வெளியூர்க் கூலிகளுக்கு அவர்கள் சொர்க்கம் படைத்துவிடவும் இல்லை. எனினும் ஒன்றை நோக்குக: அங்கே காணி கேட்டு ஊராரின் வாசலில் நின்றவன் முதலாளி!

இங்கே நிலைமை யாது? கோப்பிக் காலத்திலே அரிப்பிலும் தலைமன்னாரிலும் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வழியிற் செத்தவர் போக எஞ்சியோர் ஏறிய மலைகள் இவை. அவர்கள் வெட்டிய காடு, அவர்கள் போட்ட வீதி, அவர்கள் நட்ட செடி. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்டது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. கைமாறிய ஒவ்வொரு தடவையும் லயமும், லயத்தோடு ஆட்களும், தளபாடங்களைப்போலக் கைமாறினர். இரு நூற்றாண்டுகளாகக் குடியிருந்தவனுக்குக் குடியிருக்கும் அறையின் உறுதி இல்லை. ஏழு பேர்ச்சஸ் தருவோம், பத்துப் பேர்ச்சஸ் தருவோம் என்று தேர்தல்தோறும் ஏலம் நடக்கிறது. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ் என்பதை நினைவூட்டுகிறேன்.

செர்மட் ஊரான் ஹெலிகொப்டருக்கு ஆம் என்கிறான். பிரெஞ்சுச் சட்டம் இல்லை என்கிறது. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் உரியோர் அங்கே உளர். காசல்ரீ நீர்த்தேக்கத்திலே உல்லாசப் பயணிகளை ஏற்றிய விமானம் நீர்மேல் வந்திறங்கத் தொடங்கியபோது, கரையிலிருந்த லயங்களின் மக்களை எவரேனும் ஒரு சொல் கேட்டதுண்டா?

திட்டமிடுவோனின் மூன்றாவது கவலை உயிர்ப் பாதுகாப்பு. இங்கேதான் ஒப்பீடு நெஞ்சைச் சுடுகிறது.

பனிச்சரிவில் ஒருவன் புதையுண்டால், பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தாலே பெரும்பாலும் பிழைப்பான். ஆகவே சறுக்கச் செல்லும் ஒவ்வொருவனும் புதையுண்ட இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவியை மார்பில் அணிகிறான். பையிலே மண்வெட்டியும் பனியைக் குத்தித் தேடும் நெடுங்கோலும் கொண்டுசெல்கிறான். சுவிற்சர்லாந்தின் டாவோசிலுள்ள பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் குளிர்காலத்தில் மாலையிலும் மறுநாட் காலையிலும் அறிக்கை வெளியிடுகிறது. எந்தச் சரிவு, எத்திசை, எவ்வுயரத்துக்கு மேல், ஐந்து படிகளில் எத்துணை ஆபத்து என்று வரைபடத்திலே காட்டுகிறது. அறிக்கை கண்டு வழிகாட்டி இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பயணி விடுதிக்குத் திரும்பிச் சூடான சொக்கலேற் அருந்தலாம். திரும்பிச் செல்ல அவனுக்கு ஓர் இடம் உண்டு.

இவ்வேற்பாடுகள் விளையாட வந்தோருக்காக எழுந்தவையல்ல. 1951ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே அல்ப்ஸ் மலையூர்கள் மீது பனிச்சரிவுகள் அடுத்தடுத்து வீழ்ந்தன. சுவிற்சர்லாந்தில் மட்டும் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அந்நாடு என்ன செய்தது? ஊர்களுக்கு மேலுள்ள சரிவுகளில் இரும்பு வேலிகளை வரிசை வரிசையாக நாட்டியது. காவற் காடுகளை வளர்த்தது. எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று ஆபத்து வரைபடம் வரைந்து சட்டமாக்கியது. வாழ்வோருக்காகச் செய்த பாதுகாப்பின் நிழலிலே சுற்றுலா தழைத்தது. இந்த முறையைத் தலைகீழாகப் புரட்டித்தான் நம் மேடைப் பேச்சாளர்கள் நமக்குக் காட்டுகின்றனர்.

நமக்கும் எச்சரிக்கை உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தை மூன்று படிகளில் அறிவிக்கிறது. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிரு. 100 எனில் ஆயத்தமாகு. 150ஐத் தாண்டினால் வெளியேறு. விஞ்ஞானிகளின் பணியை நான் குறைகூறவில்லை. அது செம்மையான பணி. வெளியேறு என்கிறீர்களே, எங்கே? இச்சிறு வினாவுக்கு விடை அவர்களிடம் இல்லை. விடை காணி வைத்திருப்போரிடம் இருக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் இடர் இருப்பதாக முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை இறங்கிவந்து லயங்களை மூடியது. பின்னர், எச்சரிக்கை செய்தும் மக்கள் போகவில்லை என்று அம்மக்கள் மீதே பழி சுமத்தினோர் உண்டு! வேறு காணியில்லாதவனைப் பார்த்து ஏன் போகவில்லை என்று கேட்பது, சிறையிலிருப்பவனை ஏன் உலாவச் செல்லவில்லை என்று கேட்பது போன்றது.

பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே பேரிழப்புக்குள்ளாயின. கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் வீதி மண்சரிவுகளாற் பல இடங்களிலே துண்டிக்கப்பட்டது. அப்போதுதான் கொத்மலைப் பள்ளத்தாக்குக்கு ஹெலிகொப்டர் வந்தது. இலங்கை விமானப்படையின் ஹெலிகொப்டர்களும் இந்திய விமானப்படையின் ஹெலிகொப்டர்களும் அகப்பட்டுக்கொண்டோரை ஏற்றிச் சென்றன. இவ்வூர்ப் பிள்ளைகள் ஹெலிகொப்டரை அண்மையிற் காண்பது இரு பருவங்களில்: ஒன்று தேர்தல், மற்றது பேரிடர்.

இதனைக் காட்டியே ஒருசாரார் வாதிடுவர்: "பார்த்தீரா, ஹெலிகொப்டர் உயிர் காக்கிறது. அல்ப்ஸில் உல்லாசிகளை உச்சிக்கு ஏற்றும் அதே விமானிகள்தாம் விபத்தில் வீழ்ந்தோரையும் மீட்கின்றனர். விளையாட்டுப் பறப்பின் வருவாயே மீட்புப் பறப்பைத் தாங்குகிறது." இவ்வாதத்திற் சிறிது உண்மை இல்லாமலில்லை, செர்மட்டில் இரண்டையும் ஒரே நிறுவனம் செய்கிறது. ஆனால் சுவிற்சர்லாந்தின் பெரும் மீட்புச் சேவையான றேகா, 1952இல் தொடங்கியது முதல் பெரிதும் பொதுமக்களின் ஆதரவில் நிற்கிறது. இன்று இலட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் சிறுதொகை செலுத்தி அதனைத் தாங்குகின்றனர். உயிர்காக்க உல்லாசியின் தயவு வேண்டியதில்லை என்பதற்கு அந்நாடே சான்று. இறம்பொடையில் அனுமனுக்கு ஒரு கோயில் உண்டு. பாரதத்திலிருந்து வரும் யாத்திரிகர் பேருந்து பேருந்தாக வந்து வணங்கிச் செல்கின்றனர். அந்த அனுமனும் வான்வழியே மலையோடு வந்தவன்தான். வீழ்ந்து கிடந்தவனுக்கு மருந்து கொணர வந்தான். சறுக்கி விளையாட வரவில்லை.

வேலை கிடைக்கும் என்ற வாதம் எஞ்சியுள்ளது. அதுவே வலிய வாதம். இளைஞர் மயங்குவதும் அதிலேதான். கொழுந்துக் கூடையிலிருந்து தப்பிக் கொழும்புக் கடைகளில் நிற்கும் எங்கள் பழைய மாணவனுக்கு, ஊரிலேயே ஒரு விடுதியில் வெள்ளைச் சட்டையணிந்த வேலை கிடைத்தால் அவன் ஏற்பதிற் குற்றமில்லை. நான் படிப்பித்த பிள்ளைகள் அவ்வாறு ஏற்றிருக்கின்றனர். ஆனால் அதனை விடிவு என்று பெயரிடுவதைத்தான் மறுக்கிறோம். இம்மலைகளிற் சுற்றுலா நேற்று வந்ததன்று. 1848இலே சாமுவேல் பேக்கர் நுவரெலியாவிற் குடியேறி, நாய்க்கூட்டத்தோடு மரை வேட்டையாடி, அவ்வேட்டைக் கதைகளை நூலாக்கி இங்கிலாந்திற் புகழ்பெற்றான். பின்னர் குதிரைப் பந்தயத் திடல் வந்தது, கோல்ப் மைதானம் வந்தது, நெடுங்காலம் வெள்ளையருக்கு மட்டுமே கதவு திறந்த மலைக்கழகம் வந்தது. ஏப்பிரல் வசந்தகாலத்துக் கூத்துகள் தலைமுறை தலைமுறையாக நடக்கின்றன. குதிரைக்குப் புல் அறுத்தவனும், பந்து பொறுக்கியவனும், துரைமார் பங்களாவிலே கோப்பை கழுவியவனும் லயத்திலிருந்துதான் சென்றனர். மாலையில் லயத்துக்கே திரும்பினர். இன்று அதே பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாகிவிட்டன. ஓர் இரவு வாடகை கொழுந்து பறிப்பவளின் பல மாதச் சம்பளம். பங்களாவுக்குப் புதுவாழ்வு வந்தது. அதன் கீழேயுள்ள லயத்தின் தகரக் கூரை மாறவில்லை.

அண்மையில் ஐரோப்பிய ஒன்றியத்தினதும் அமெரிக்காவினதும் நிதியுதவியோடு, கண்டியிலிருந்து நுவரெலியா வரை தோட்டங்களினூடே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைபாதை அமைந்தது. இதன்மீது எனக்கு அத்துணைக் கோபமில்லை. காலால் நடப்பவன் லயத்தின் வாசலைக் கடந்தே செல்ல வேண்டும். குழாயடியில் வரிசையாக நிற்கும் குடங்களைக் காண்பான். ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தாலும் அமர்வான். வானிலிருந்து பார்ப்பவனுக்கோ பச்சைக் கம்பளம் மட்டுமே தெரியும். லயங்களும் அக்கம்பளத்திற் பின்னிய கோடுகளாகவே தோன்றும். கெரண்டி எல்லையில் 2025 மே 11ஆந் திகதி அதிகாலை பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்ட வளைவும் உயரத்திலிருந்து அழகாகவே தெரியும். சாதாரண மனிதன் பாதுகாப்பாகப் பேருந்தில் வரமுடியாத மலைக்கு வான்வழி விருந்தினரை அழைப்பதில் நம் பேச்சாளர்களுக்கு ஏன் இத்துணை அவசரம்?

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, சுவிற்சர்லாந்தைக் காட்டிப் பேசுவோர் உங்கள் ஊர் மேடைக்கு வரும்போது அவர்களிடம் கேட்க வேண்டியவற்றை அந்நாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். அபாயப் பகுதி என்று குறிக்கப்பட்ட லயங்களுக்கு மாற்றுக் காணி எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்து, எந்தத் திகதிக்குள், எவர் பெயரில் எழுதப்பட்ட உறுதியோடு வழங்கப்படும்? சரிவுகளில் வடிகாலும் தடுப்பும் அமைக்கப் பணம் எங்கே? விடுதியோ விமானத்தளமோ அமையுமுன் அத்தோட்டத்து மக்களின் சம்மதம் வாக்கெடுப்பிற் பெறப்படுமா? அவர்கள் வேண்டாம் என்றால் அது வேண்டாம் என்றே முடியுமா? வருவாயில் அவர்களுக்குப் பங்கு சம்பளமாகவா, உடைமையாகவா?

நிலம் கம்பனிகளுக்குக் குத்தகையில் இருக்கிறது, எங்கள் கை கட்டப்பட்டுள்ளது என்று அதிகாரிகள் விடையிறுப்பர். குத்தகை எழுதியது அரசு. அதனைத் திருத்தவும் அரசால் இயலும். உல்லாச விடுதிக்காகத் தோட்ட நிலத்தின் பயன்பாட்டை மாற்றிக் கொடுக்க இயன்ற சட்டம், மண்சரிவுக்குத் தப்பிய குடும்பத்துக்கு இருபது பேர்ச்சஸ் கொடுக்க மட்டும் இயலாமற் போவது எவ்வாறு? காத்திருங்கள் என்பாராயின், அக்குத்தகைகள் முடிவடைவது 2045இல். இன்று என் ஆறாந்தர வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அப்போது முப்பது வயதாகும்.